எழுத்தின் நலன்கள்: மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒரு பாடம்

ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் முன் ஒரு மூதாட்டி நிற்கிறார். உடன் வந்திருக்கும் பேத்தி எட்டாம் வகுப்பு மாணவி. அவள் தாளில் உள்ள சொற்கள் அனைத்தையும் தடுமாற்றமின்றி உரக்கப் படிக்கிறாள். படித்து முடித்ததும் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: "நாளைக்கு நான் வர வேண்டுமா, வேண்டாமா?" பேத்தியால் விடை சொல்ல இயலவில்லை. மீண்டும் ஒருமுறை படிக்கிறாள். அப்போதும் விடை கிடைக்கவில்லை.

நாட்டின் எந்த மாநிலத்திலும் நிகழக்கூடிய காட்சி இது. இங்கே குறை படித்தவளிடம் இல்லை, எழுதியவரிடம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 18 விழுக்காட்டினரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 7 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். படிக்கத் தெரிந்தோர் தொகை இவ்வாறு பெருகிய நாட்டில், படிப்பவருக்கு விளங்குமாறு எழுதத் தெரிந்தோர் தொகையும் அதற்கேற்பப் பெருகியிருக்க வேண்டும். அவ்வாறு பெருகியுள்ளதா என்பதே கல்வித் துறையும் ஆட்சித் துறையும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா. எழுத்துகளை அறிதல் வேறு, எழுதுதல் வேறு. முன்னதைப் பள்ளிகள் முறையாகக் கற்பிக்கின்றன. பின்னது பெரும்பாலும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடப்படுகிறது.

பழைய நூல்களில் எழுத்தின் இலக்கணம்

நல்ல எழுத்துக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சி இந்நாட்டிற்குப் புதியதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசாட்சியைப் பற்றிய நூல். வரி, நீதி, படை, உளவு என்று பலவற்றையும் கூறும் அந்நூலில், அரசாணைகளை எழுதும் முறைக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தின் பத்தாம் அத்தியாயம் அது. நெடுங்காலம் மறைந்திருந்த இந்நூலின் சுவடி 1905ஆம் ஆண்டில் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரியின் கைக்குக் கிட்டியது. 1909ஆம் ஆண்டில் அது அச்சேறியது.

அந்த அத்தியாயம் எழுத்துக்கு ஆறு நலன்களைக் கூறுகிறது. அவை பொருள்முறை, இயைபு, நிறைவு, இனிமை, கண்ணியம், தெளிவு என்பன. முதன்மையான செய்தியை முன்னே வைத்து ஏனையவற்றை அதன் வரிசையில் அமைப்பது பொருள்முறை. முன் சொன்னதற்குப் பின் சொல்வது முரண்படாமல் இறுதிவரை செல்வது இயைபு. பொருளிலும் சொல்லிலும் குறைவும் மிகையும் இல்லாதிருப்பது நிறைவு. எளிதில் பொருள் தரும் அழகிய சொற்களை ஆள்வது இனிமை. கீழ்மையான சொற்களை விலக்குவது கண்ணியம். வழக்கில் உள்ள சொற்களைக் கையாள்வது தெளிவு. இவற்றுக்கு எதிராக ஐந்து குற்றங்களும் கூறப்படுகின்றன: மங்கிய, சீரற்ற எழுத்துகளால் வரும் அழகின்மை, முரண்பாடு, கூறியதையே கூறுதல், பால், எண், காலம், வேற்றுமை ஆகியவற்றில் பிழைபடுதல், பிரிக்க வேண்டாத இடத்தில் பிரித்தும் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரிக்காமலும் குழப்புதல்.

இந்தப் பட்டியல் இலக்கியம் படைப்போருக்காக எழுதப்பட்டதன்று என்பது கருதத்தக்கது. ஆணையை வரைகின்ற அலுவலருக்காக எழுதப்பட்டது. தெளிவு என்பது அலங்காரமன்று, ஆட்சியின் கருவி என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது.

தமிழிலும் இத்தகைய மரபு உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தையும் வேண்டிய அழகுகள் பத்தையும் வகுத்துரைக்கிறது. தேவைக்குக் குறைவாகக் கூறுதல், மிகுதியாகக் கூறுதல், முன்னுக்குப்பின் மாறுபடுதல், படிப்போரை மயக்குதல் ஆகியவை அங்கே குற்றங்களாகின்றன. சுருக்கம், விளக்கம், வரிசைமுறை, பொருத்தமான எடுத்துக்காட்டு ஆகியவை அழகுகளாகின்றன. காலத்தாலும் மொழியாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இரு நூல்கள் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருப்பது தற்செயலாகாது. படிப்பவரின் தேவை எக்காலத்திலும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கிறது.

கல்லில் எழுதியவரும் கவலைப்பட்டனர்

இலக்கணம் கூறுவதோடு நில்லாமல், அதனைப் பெரிய அளவில் செய்து காட்டிய முன்னோடியாகக் கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகரைக் கூறலாம். அவருடைய ஆணைகள் பெரும்பாலும் பிராகிருத மொழியில், பிராமி எழுத்தில் வெட்டப்பட்டன. வடமேற்கில் கரோஷ்டி எழுத்து கையாளப்பட்டது. காந்தகாரில் 1958ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட கல்வெட்டு கிரேக்க மொழியிலும் அரமேய மொழியிலும் அமைந்திருக்கிறது. எந்தப் பகுதியினர் எதைப் படிப்பர் என்று எண்ணிப் பார்த்தே மொழியும் எழுத்தும் தெரிவு செய்யப்பட்டன.

செய்தியும் இடத்திற்கேற்ப மாறியது. கலிங்கப் போரின் துயரத்தைக் கூறும் 13ஆம் பாறை ஆணை, அந்தக் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இடங்களில் இடம்பெறவில்லை. அதற்கு மாறாக அங்கே தனி ஆணைகள் வெட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று தோசலியிலிருந்த உயர் அலுவலர்களை நோக்கிப் பேசுகிறது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், சோர்வு ஆகியவற்றை விலக்கி நடுநிலையோடு கடமையாற்றுமாறு அவர்களைக் கேட்கிறது. குறிப்பிட்ட நாள்களில் அவ்வாணை வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. எழுத்தறியாத மக்கள் மிகுந்திருந்த காலத்தில், எழுதப்பட்டது செவிவழிச் சென்று சேர வேண்டும் என்ற கவனம் அதில் தெரிகிறது.

14ஆம் பாறை ஆணை இன்னும் வியப்பிற்குரியது. ஆணைகளில் சில சுருக்கமாகவும் சில நடுத்தரமாகவும் சில விரிவாகவும் உள்ளன என்றும், மக்கள் பின்பற்ற வேண்டும் என்பதற்காகச் சில செய்திகள் திரும்பக் கூறப்பட்டன என்றும், சில இடங்களில் எழுதுவோரின் பிழையால் குறை நேர்ந்திருக்கலாம் என்றும் அது ஒப்புக்கொள்கிறது. பேரரசர் ஒருவர் தம் ஆணையின் எழுத்துப் பிழையைக் கல்லிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். எழுதியதைத் திரும்பப் பார்த்துக் குறையை ஏற்கும் மனப்பான்மை நல்ல எழுத்தின் முதற்படி என்பதை மாணவர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஒரு கடிதம் தரும் பாடம்

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. 1930ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், உப்புச் சத்தியாக்கிரகத்தைத் தொடங்குமுன், காந்தியடிகள் அரசப் பிரதிநிதி இர்வின் பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தண்டி யாத்திரை தொடங்கியது அதற்குப் பத்து நாள்கள் கழித்து, மார்ச்சு 12ஆம் நாள். ஒரு பேரரசை எதிர்த்து எழுதப்பட்ட கடிதம் அது. ஆயினும் அதில் வசைச்சொல் இல்லை. பெறுபவரை நண்பர் என்றே அது விளிக்கிறது. கௌடில்யர் கூறிய கண்ணியம் என்னும் நலனுக்கு இது நேரான எடுத்துக்காட்டு.

நாட்டின் ஏழ்மையைக் கூற வந்த காந்தியடிகள், "மக்கள் பெரிதும் வறுமையில் வாடுகின்றனர்" என்று பொதுப்படக் கூறி நிறுத்தவில்லை. அரசப் பிரதிநிதியின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் என்பதையும், அது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேலாகிறது என்பதையும், இந்தியர் ஒருவரின் சராசரி நாள் வருமானம் இரண்டணாவுக்கும் குறைவு என்பதையும் அருகருகே வைத்தார். 16 அணா கொண்டது ஒரு ரூபாய். எனவே 700 ரூபாய் என்பது 11,200 அணா. இரண்டணாவைப் போல் 5,600 மடங்கு. இந்தக் கணக்கை எவரும் சரிபார்க்கலாம், மறுக்க இயலாது. அடைமொழிகள் செய்ய இயலாத பணியை இரண்டு எண்கள் செய்துவிடுகின்றன.

அதே கடிதம், தனி மனிதர் எவரையும் புண்படுத்துவது நோக்கமன்று என்பதையும், ஆட்சிமுறையே கண்டனத்திற்குரியது என்பதையும் தெளிவாக்குகிறது. கோரிக்கை ஏற்கப்படாவிடில் எந்த நாளில் என்ன செய்யப்படும் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்கிறது. யார், எதை, ஏன், எப்போது என்னும் வினாக்கள் அனைத்திற்கும் விடை கிடைத்த பிறகே கடிதம் முடிகிறது. நிறைவு என்னும் நலன் இதுவே. விண்ணப்பம் எழுதப் பழகும் மாணவர்க்கு இக்கடிதத்தின் அமைப்பை மட்டும் விளக்கினாலே ஒரு பருவத்திற்குரிய பாடம் ஆகும்.

பட்டியலும் பயிற்சியும்

நலன்களின் பட்டியலை மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட முடியும். சுருக்கமே அழகு என்பதைப் பத்துப் பக்கங்களில் விரித்தெழுதும் விந்தையும் நிகழ்வதுண்டு. பட்டியல் எவ்வளவு சிறந்ததாயினும், அது மாணவரின் கையெழுத்துக்குள் தானாக இறங்குவதில்லை. காரணம் வெளிப்படையானது. பள்ளிக் கட்டுரையைப் படிக்கப்போகும் ஒரே மனிதர் ஆசிரியர். கட்டுரை கூறும் செய்தி அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தவருக்கே தெரிவிக்கும் எழுத்தில் பொருள்முறைக்கோ நிறைவுக்கோ தேவை எழுவதில்லை. பக்கத்தை நிரப்பும் தேவை மட்டுமே எழுகிறது.

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு ஆதாரக் கல்விக்கான திட்டத்தை வகுத்தது. தாய்மொழிப் பாடத்தின் நோக்கங்களாக அக்குழு கூறியவற்றுள், அன்றாட நிகழ்ச்சிகளை எளிய தெளிவான நடையில் எழுதுதல், ஊர்ப் பொதுவுக்காகக் கூடிய கூட்டத்தின் நடவடிக்கைகளை எழுதுதல், சொந்தக் கடிதங்களையும் எளிய அலுவல் கடிதங்களையும் வரைதல் ஆகியவை இடம்பெற்றன. எழுத்து வாழ்க்கைக்குப் பயன்பட வேண்டும் என்ற கருத்து அதில் தெளிவாக இருந்தது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்து, கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்த பிறகு, அந்தக் கருத்தின் தேவை மேலும் மிகுந்திருக்கிறது. சபையில் பேசப்பட்டது காற்றோடு போகும்; தீர்மானமாக எழுதப்பட்டதே பதிவேட்டில் நிற்கும். அதைத் திருத்தமாக எழுதத் தெரிந்த ஒருவர் ஊரில் இருப்பதும் இல்லாதிருப்பதும் ஊரின் நலனையே பாதிக்கும்.

ஒரு மாதிரிப் பாடம்

வகுப்பறையில் இதனை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரியைக் காணலாம். "எங்கள் ஊரில் குடிநீர்" என்ற தலைப்பு தரப்படுகிறது என்று கொள்வோம். ஒரு மாணவர் பின்வருமாறு எழுதக்கூடும்:

"நீர் மனிதனுக்கு மிகவும் இன்றியமையாதது. நீரின்றி எந்த உயிரும் வாழ முடியாது. எங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடுகிறது. மக்கள் சொல்லொணாத் துன்பம் அடைகின்றனர். அரசு உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்."

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் இந்த ஐந்து வாக்கியங்களும் நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும். எனவே எந்த ஊரைப் பற்றியும் எதையும் கூறவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு பொறியாளர் வண்டியேறிப் புறப்பட முடியாது. எங்கே போக வேண்டும், எதைப் பழுது பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது.

இப்போது ஆசிரியர் சிவப்பு மையை எடுக்காமல் வினாக்களை எடுக்க வேண்டும். எந்தத் தெருவில் தண்ணீர் இல்லை? அங்கே எத்தனை வீடுகள்? எது பழுதாயிருக்கிறது? எப்போதிலிருந்து? தண்ணீருக்கு இப்போது யார், எவ்வளவு தொலைவு போகிறார்கள்? அதனால் வீட்டில் என்ன தடைபடுகிறது? இவற்றுள் பாதிக்கு விடை மாணவருக்குத் தெரியும். எழுதத் தக்கவை என்று அவர் எண்ணாததால் எழுதவில்லை. மீதிக்கு விடை தேடி அவர் மாலையில் தெருவுக்குப் போவார். மறுநாள் வரும் கட்டுரை வேறாக இருக்கும்:

"கீழைத் தெருவில் 40 வீடுகள் உள்ளன. எல்லாருக்கும் ஒரே அடிகுழாய். ஜூன் மாதம் முதல் அதன் கைப்பிடி உடைந்து கிடக்கிறது. இப்போது பள்ளிக்கூடத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம். போய்வர அரைமணி நேரம் ஆகிறது. காலையில் என் அக்காள் மூன்று நடை நடக்கிறாள். அதனால் அவள் முதல் பாடவேளைக்கு வருவதில்லை. கைப்பிடியை மாற்றினால் போதும் என்று பழுது பார்ப்பவர் கூறினார்."

முதற் கட்டுரையில் இருந்த துன்பம் என்ற சொல் இரண்டாவதில் இல்லை, துன்பம் இருக்கிறது. நடவடிக்கை என்ற சொல் இல்லை. எடுக்க வேண்டிய நடவடிக்கை இருக்கிறது. தெளிவு, நிறைவு, பொருள்முறை ஆகிய மூன்றும் பட்டியல் ஏதுமின்றித் தாமே வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த நிலையில் ஆசிரியர் பட்டியலை எடுத்து, "நீ செய்தது இதுதான்" என்று பெயரிட்டுக் காட்டலாம். செய்த பிறகு பெயர் சொன்னால் மாணவர் மறப்பதில்லை. பெயரை முதலில் சொல்லிச் செய்யாமல் விட்டால் பெயர் மட்டுமே எஞ்சும்.

இம்முறை மொழிப் பாடத்திற்கு மட்டும் உரியதன்று. மத்தியப் பிரதேசத்தில் இன்று நர்மதாபுரம் எனப்படும் ஹோசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972ஆம் ஆண்டு ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. 2002ஆம் ஆண்டுவரை நடைபெற்ற அத்திட்டத்தில், மாணவர் சிறு குழுக்களாகச் சோதனைகளைத் தாமே செய்து, கண்டதைத் தம் சொந்தச் சொற்களில் குறிப்பேட்டில் எழுதினர். பாடநூலில் வினாக்கள் இருந்தன. ஆயத்த விடைகள் இல்லை. தேர்விலும் நூலைத் திறந்து பார்க்கலாம். பார்த்து எழுதுவதற்கு விடை இல்லாத நூலாதலால், கண்டதை எண்ணி எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை. பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரித்தெழுதும் பழக்கம் அறிவியலின் அடிப்படை. அதுவே நேர்மையான எழுத்தின் அடிப்படையும் ஆகும்.

திருத்தும் முறை

எழுத்துப் பயிற்சியில் ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் பெருந்தடை நேரம். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஒரு குறிப்பேட்டுக்கு 6 நிமிடம் என்று கொண்டாலும், 35 குறிப்பேடுகளைக் கருத்தூன்றித் திருத்த மூன்றரை மணி நேரம் வேண்டும். வாரந்தோறும் இதனைச் செய்வது அரிது. ஆகவே பல இடங்களில் கட்டுரைகளுக்குக் கையொப்பம் மட்டுமே கிடைக்கிறது.

இதற்கு நடைமுறை வழி உண்டு. வாரம் 9 குறிப்பேடுகளை மட்டும் ஆசிரியர் முழுமையாகப் பார்க்கலாம். நான்கு வாரங்களில் வகுப்பு முழுவதும் ஒருமுறை வந்துவிடும். ஏனையோர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் உரக்கப் படிக்கலாம். படிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே வாக்கியம் நீண்டிருக்கிறது. எங்கே நிறுத்தி வினா கேட்கிறாரோ அங்கே செய்தி குறைந்திருக்கிறது. எங்கே அவர் கண் தாவுகிறதோ அங்கே கூறியதே கூறப்பட்டிருக்கிறது. இவற்றைக் கண்டறிய இலக்கணப் புலமை வேண்டியதில்லை, செவி போதும்.

எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த முற்படுவதும் பயன் தராது. சிவந்துபோன பக்கத்தைக் காணும் மாணவர், எதைத் திருத்துவது என்றறியாமல் எழுதுவதையே குறைத்துக் கொள்கிறார். துணிந்து எழுதியிருக்கக் கூடிய வாக்கியத்தை விட்டுப் பாதுகாப்பான வாக்கியத்தை எழுதுகிறார். ஒரு வாரம் வரிசைமுறை, மறுவாரம் வாக்கிய நீளம், அடுத்த வாரம் ஒருமை பன்மை என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது சிறந்தது. திருத்திய பின் அதே கட்டுரையை மீண்டும் எழுதச் செய்வது அதனினும் சிறந்தது. மூன்று தலைப்புகளில் மூன்று கட்டுரைகள் எழுதுவதைவிட, ஒரு கட்டுரையை மூன்று முறை எழுதுவதால் மாணவர் மிகுதியாகக் கற்பர்.

கணிப்பொறி சில நொடிகளில் கட்டுரை வரைந்து தரும் காலம் இது. பிழையற்ற, பொதுப்படையான வாக்கியங்களை எழுதுவதற்கு இனி மாணவரின் உழைப்பு தேவைப்படாது. ஆனால் கீழைத் தெருவின் அடிகுழாய்க் கைப்பிடி உடைந்திருப்பதைத் தெருவுக்குப் போய்ப் பார்த்தவரே கூற முடியும். கூறியது மெய்தானா என்பதற்கும் அவரே பொறுப்பேற்க முடியும். எனவே எழுத்துப் பயிற்சியின் நடுப்புள்ளி அழகிய தொடர்களிலிருந்து நேரில் அறிதலுக்கும் பொறுப்பேற்றலுக்கும் மாற வேண்டியிருக்கிறது.

அலுவலகத்தில் எழுத்து

பள்ளியில் பக்கம் நிரப்பப் பழகியவரே பின்னர் அலுவலகத்தில் கோப்பு நிரப்புகிறார். பின்வருவது போன்ற சுற்றறிக்கைகள் பலருக்கும் பழக்கமானவை:

"மேற்காண் பொருள் தொடர்பாகப் பார்வையில் கண்டுள்ள கடிதத்தின்பால் கவனம் ஈர்க்கப்படுகிறது. கோரப்பட்ட விவரங்கள் இந்நாள்வரை வரப்பெறாத நிலையில், உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு, விவரங்கள் உடன் அனுப்பிவைக்கப்பட வேண்டும் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

என்ன விவரங்கள் என்பது இதில் இல்லை. "உடன்" என்பதற்கு நாள் இல்லை. கவனத்தை ஈர்ப்பவர் யார், நடவடிக்கை மேற்கொள்ள வேண்டியவர் யார் என்பதும் இல்லை. செயப்பாட்டு வினை செய்பவரை மறைத்துவிட்டது. செய்பவர் மறைந்தால் பொறுப்பும் மறையும். இதே செய்தியை இவ்வாறு எழுதலாம்:

"உங்கள் ஒன்றியத்தில் முதியோர் ஓய்வூதியம் கோரி வந்து இன்னும் முடிவெடுக்கப்படாத விண்ணப்பங்களின் பட்டியலை மார்ச்சு 15 மாலை 5 மணிக்குள் இவ்வலுவலகத்திற்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் தாமதத்தின் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்."

முதல் வடிவத்தைப் பெற்றவர் பழைய கடிதத்தைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டாம் வடிவத்தைப் பெற்றவர் அப்போதே பணியைத் தொடங்கலாம். இடையிலுள்ள நாள்கள் ஏதோ ஒரு முதியவர் ஓய்வூதியத்திற்காகக் காத்திருக்கும் நாள்கள்.

தெளிவாக எழுதுவது அலுவலரின் விருப்பத்திற்கு மட்டும் விடப்பட்டதும் அன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதனைச் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. அதன் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம் பணிகள், விதிகள், முடிவெடுக்கும் முறை ஆகியவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடும்போது உள்ளூர் மொழியையும் மக்களை எளிதில் சென்றடையும் வழியையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. நிர்வாக முடிவால் பாதிக்கப்படுவோருக்கு அம்முடிவின் காரணங்களைத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அப்பிரிவில் அடங்கும். 6ஆம் பிரிவின்படி, எழுத இயலாமல் வாய்மொழியாகக் கேட்பவருக்கு அதனை எழுத்தில் கொணர அலுவலர் உதவ வேண்டும். 7ஆம் பிரிவின்படி பொதுவாக 30 நாள்களுக்குள்ளும், ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் பற்றியதாயின் 48 மணி நேரத்திற்குள்ளும் தகவல் தர வேண்டும். மைய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகள், விண்ணப்பம் சாதாரணமாக 500 சொற்களுக்கு மேற்படாதிருக்க வேண்டும் என்கின்றன. சொற்கள் மிகுந்தன என்ற காரணத்திற்காக மட்டும் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றும் கூறுகின்றன. சுருக்கத்தைப் பரிந்துரைத்து, சுருக்கத் தெரியாதவரின் உரிமையையும் காத்த விதி இது.

எனவே, "தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி காரணம் கூறுவதாகாது. "விண்ணப்பத்துடன் வயதுச் சான்று இல்லை, அதை இணைத்து மீண்டும் கொடுத்தால் பரிசீலிக்கப்படும்" என்பதே காரணம் கூறுவது. முன்னது கதவை மூடுகிறது. பின்னது அடுத்துச் செய்ய வேண்டியதைக் காட்டுகிறது. இரண்டாவதை எழுதக் கூடுதலாக ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இராது.

மொழிபெயர்ப்பு பற்றியும் ஒரு சொல். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ள நாட்டில், ஒரு மொழியில் வரையப்பட்ட ஆணை பல மொழிகளில் செல்வது இயல்பு. மூலத்தின் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தமிழோ தெலுங்கோ ஒடியாவோ எதுவாயினும், அந்த மொழியினர் எவரும் பேசாத ஒரு மொழி பிறக்கிறது. பெயர்த்த பின் மூலத்தை மூடிவைத்துவிட்டு, அந்த மொழி மட்டுமே அறிந்த ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவது எளிய சோதனை. அவர் திரும்பச் சொல்வது மூலத்தின் செய்தியாக இருந்தால் மொழிபெயர்ப்பு நிறைவேறியதாகக் கொள்ளலாம்.

முடிவாக

எழுதி முடித்ததும் மாணவரும் அலுவலரும் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் சிலவே. இதைப் படிக்கப்போகிறவர் யார்? அவர் முதலில் அறிய விரும்புவது முதலில் இருக்கிறதா? நாள், இடம், அளவு, பெயர் ஆகியவற்றுள் விடுபட்டது உண்டா? எடுத்துவிட்டாலும் பொருள் குறையாத சொல் எது? முன்பின் முரண் உண்டா? கூறியது மெய் என்பதற்கு எழுதியவர் பொறுப்பேற்பாரா? இவ்வினாக்கள் கௌடில்யரின் ஆறு நலன்களிலிருந்தும் நன்னூலின் அழகுகளிலிருந்தும் பெரிதும் வேறுபட்டவை அல்ல. பழையன புதிய தேவைக்கேற்ப மீண்டும் கேட்கப்படுகின்றன.

பலகையின் முன் நின்ற பேத்தி இன்னும் சில ஆண்டுகளில் பள்ளியை முடிப்பாள். அவள் ஆசிரியையாகலாம், ஊராட்சிச் செயலராகலாம், வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகலாம். அப்போது பலகையில் ஒட்ட வேண்டிய தாளை எழுதுபவள் அவளாகவே இருப்பாள். அந்தத் தாளின் முதல் வரி, "ஓய்வூதியம் பெறுவோர் நாளை காலை 10 மணிக்கு இங்கே வர வேண்டும், அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும்" என்று அமையுமாறு அவளுக்கு இன்று கற்பிப்பது பள்ளியின் கடமையாகும்.